கிரிவலத்துக்கு எதிர்த்திசையில் ஒரு சக்கர நாற்காலி

முதலில் என்னைக் கைவிட்டது விசில்தான். கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே ஓடும் தனியார் பேருந்து ஒன்றில் நான் நடத்துநர். ஒருநாள் காலை, ஆட்களை ஏற்றிவிட்டு வழக்கம்போல் ஊதினேன். புஸ்ஸென்று காற்று வந்தது, சத்தம் வரவில்லை. வண்டி நகரவில்லை. மறுபடியும் ஊதினேன். பின்சீட்டில் இருந்த ஒருவர், "இன்னாப்பா, டீ ஆத்துறியா?" என்றார். அன்று முழுக்கக் கம்பியைத் தட்டியே வண்டியை நகர்த்தினோம்.

பிறகு கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. வாயுக்கோளாறு என்று நானே முடிவுகட்டி, இரண்டு மாதம் சோடா குடித்தேன். இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்போது சோடா குடித்துக்கொண்டிருந்தால், கீழே வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

என் மனைவி செல்விதான் என்னைத் திருவண்ணாமலைக்கு இழுத்துப்போனாள். எக்கோ எடுத்தார்கள் (ஒலியலைகளால் இதயம் வேலை செய்வதைத் திரையில் பார்க்கும் பரிசோதனை). டாக்டர் திரையைப் பார்த்தபடி, "இவருக்கு ஹார்ட் ரொம்பப் பெருசாயிருக்கு" என்றார்.

"அவருக்கு மனசு எப்பவுமே பெருசுதாங்க டாக்டர். டிக்கெட் எடுக்காதவங்களைக்கூட எறக்கிவிட மாட்டாரு" என்றாள் செல்வி.

டாக்டர் சிரிக்கவில்லை. எனக்கு வந்திருந்தது விரிந்த இதயத்தசை நோய் (தசை மெலிந்து, தொளதொளத்து, ரத்தத்தைத் தள்ள முடியாமல் போவது). ஒரு வருடம் மாத்திரையில் ஓடியது. அதற்குள் இருபது அடி நடந்தால் உட்கார வேண்டிய நிலை வந்துவிட்டது. "மாத்திரையால செய்ய முடிஞ்சது முடிஞ்சிடுச்சு. வேற இதயம்தான் வெக்கணும். இல்லேன்னா ஆறு மாசம் தாண்டறது கஷ்டம்" என்றார் டாக்டர்.

அறுவை சிகிச்சை சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில்தான் நடக்கும். ஆனால் அங்கே தயங்கினார்கள். தானமாக எடுத்த இதயம் ஏறக்குறைய நான்கு மணி நேரத்துக்குள் இன்னொரு உடம்பில் ஓட வேண்டும். அது வந்து சேர்வதற்குள் நான் அங்கே தயாராகப் படுத்திருக்க வேண்டும். பிறகும் ஆயுள் முழுக்கக் கண்காணிப்பு உண்டு. இவ்வளவு தூரத்தில் இருக்கிறவர் எப்படிச் சமாளிப்பார் என்று கேட்டார்கள்.

"தூரம்கிறது ஒரு நோயில்ல. அதுக்காகப் பட்டியல்ல சேக்காம இருக்காதீங்க. முன்னாடி வேலையும் பின்னாடி வேலையும் நாங்க பாத்துக்கறோம்" என்று எங்கள் டாக்டர் என் எதிரிலேயே போனில் வாதாடினார். அப்படித்தான் திருவண்ணாமலையில் இதய மாற்றுத் திட்டம் தொடங்கியது. உடைந்த கட்டில்கள் போட்டுவைத்திருந்த ஓர் அறை, ஒரு போன், ஒரு சக்கர நாற்காலி, ஜெயந்தி சிஸ்டர். இவ்வளவுதான் திட்டம். நோயாளி நான் ஒருவன்.

சிஸ்டர் எங்களுக்கு ஒத்திகை வைத்தார். ஒருநாள் மதியம் திடீரென்று போன் வந்தது. "அண்ணே, இப்பக் கெளம்பி எவ்ளோ நேரத்துல சென்னைக்குப் போய்ச் சேர்றீங்கன்னு பாக்கணும்." செல்வியின் தம்பி முருகேசன் காரை எடுத்தான். செஞ்சி, திண்டிவனம் வழியாக நான்கரை மணி நேரம் ஆனது.

"நடுவுல முக்கால் மணி நேரம் எங்க நின்னீங்க?" என்று சிஸ்டர் கேட்டார்.

"பிரியாணி சிஸ்டர். ஒத்திகைதானேன்னு..." என்றான் முருகேசன்.

அடுத்த ஒத்திகையில் மூன்றேமுக்கால் மணி நேரம். முருகேசன் அன்று பட்டினி.

உண்மையான அழைப்பு ஒரு பௌர்ணமியன்று வந்தது. மதியம் இரண்டு மணி. ரத்தப் பரிசோதனைக்காக நானும் செல்வியும் செங்கம் சாலை மருத்துவமனையில் இருந்தோம். வெளியே சாலை முழுக்கக் கிரிவலம் போகிறவர்கள். தடுப்பு வைத்து வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். ஆம்புலன்ஸ் மயங்கி விழுந்த ஒருவரை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. முருகேசன் காரோடு தடுப்புக்கு அந்தப் பக்கம், ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றான். சிஸ்டர் என்னைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளத் தொடங்கினார். கூட்டம் மேற்கு நோக்கி வந்துகொண்டிருந்தது. நாங்கள் கிழக்கே போக வேண்டும்.

இருபதடி போவதற்குள் ஓர் அம்மா வழிமறித்தார். "அய்யய்யோ, மாத்திச் சுத்தறீங்களே! இப்பிடிச் சுத்தக் கூடாதும்மா" என்று சொல்லி, தன் வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொண்டு நாற்காலியைத் திருப்பி, என்னை ரமணாசிரமம் பக்கமாகப் பத்தடி தள்ளியும்விட்டார். இடையில் யாரோ என் மடியில் புளியோதரைப் பொட்டலம் ஒன்றை வைத்துவிட்டுப் போனார். நான் எதுவும் சாப்பிடக் கூடாத நேரம் அது.

"அம்மா, இவரு மலை சுத்தப் போகல. ஹார்ட் மாத்தப் போறாரு!" என்று சிஸ்டர் கத்தினார்.

அந்த அம்மா ஒரு நொடி திகைத்தார். அடுத்த நொடி எங்களுக்கு முன்னால் ஓடினார். "வழி விடுங்க! ஹார்ட் மாத்தப் போறாங்க, வழி விடுங்க!" ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாய்க்கு அந்தச் செய்தி எங்களை முந்திக்கொண்டு போனது. கொஞ்ச தூரத்தில் அது "ஹார்ட் வருது, வழி விடுங்க!" என்று மாறிவிட்டது. கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. தடுப்பருகே நின்ற காவலர் என் மடியிலிருந்த பொட்டலத்தைப் பயபக்தியோடு பார்த்து, "இதுலயா சிஸ்டர் இருக்கு?" என்றார்.

செல்வி அழுதுகொண்டே சிரித்தாள். காரில் ஏறிய பிறகு அழுகை மட்டும் மிஞ்சியது. திண்டிவனம் வரை என் கையை விடவில்லை.

யாருடைய இதயம் என்று எனக்குத் தெரியாது. சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒன்று தெரியும். நாங்கள் புளியோதரையோடு ஓடிய அதே மதியம், எங்கேயோ ஒரு குடும்பம் அழுதபடி சம்மதக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. இதைச் சிரிப்பாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து கண்விழித்தபோது விரல்நுனிகள் சூடாக இருந்தன. கைகால் சில்லென்று இருப்பதுதான் இயல்பு என்று அதுவரை நினைத்திருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஊர் திரும்பினேன். எதிர்ப்பாற்றல் தணிக்கும் மாத்திரைகள் (புது உறுப்பை உடம்பு அந்நியமென்று தாக்காமல் இருக்கத் தருவது) காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் தவறக் கூடாது. பார்க்க வந்த சொந்தக்காரர்களையெல்லாம் செல்வி முகக்கவசம் மாட்டி வரிசையில் நிறுத்தினாள். ரத்தப் பரிசோதனைக்குப் பழைய அறைக்குப் போனேன். உடைந்த கட்டில்கள் இல்லை. பெயர்ப்பலகை இருந்தது.

அங்கேதான் டாக்டர் எனக்கு ஒரு விஷயத்தை விளக்கினார். மாற்றும்போது இதயத்துக்குப் போகும் நரம்புகள் அறுந்துவிடும். மூளை சொல்வது நேராக எட்டாது. ரத்தத்தில் கலந்து வரும் சுரப்புநீர் (ஹார்மோன்) சொல்லித்தான் அது வேகமெடுக்கும். "எல்லாம் கொஞ்சம் லேட்டாத்தான் வரும். நடக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் கையைக் காலை ஆட்டிக்கோங்க" என்றார்.

உண்மைதான். தெருநாய் துரத்தினால் இதயம் சும்மா இருக்கும். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிக்கும்போது அடித்துக்கொள்ளும். செல்வியோடு சண்டை போட்டுச் சமாதானமாகிச் சாப்பிட உட்கார்ந்தால், அப்போதுதான் அதற்குக் கோபம் வரும்.

"இப்ப எதுக்கு இந்தப் படபடப்பு?"

"மொதல்ல நீ திட்டினதுக்கு."

திட்டத்தின் இரண்டாவது நோயாளி செங்கத்திலிருந்து வந்த கவிதா டீச்சர். பிரசவத்துக்குப் பிறகு இதயம் பலவீனமானவர். என்னைப் பேசச் சொல்லி சிஸ்டர் அவர் எதிரில் உட்காரவைத்தார்.

"வலிக்குமாண்ணா?"

"வலிக்கும்மா. தும்மினா ரொம்ப ஜாஸ்தி. அப்புறம் போகப்போகக் கம்மியாயிடும்."

"எம் பொண்ணைப் பாத்தா மனசுக்கு முன்ன மாதிரியே இருக்குமா?"

நான் யோசித்தேன். "இருக்கும்மா. கொஞ்சம் லேட்டா இருக்கும். ஆனா சீக்கிரத்துல போகாது."

போன வாரம் காலை சிஸ்டர் போன் செய்தார். "அண்ணே, டீச்சருக்கு வெச்சாச்சு. தானா துடிக்க ஆரம்பிச்சுதாம்." சரிங்க சிஸ்டர் என்று சொல்லி வைத்தேன்.

"இவ்ளோ நல்ல சேதி, மரம் மாதிரி நிக்கறீங்க?" என்றாள் செல்வி.

"கொஞ்சம் இரு" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தேன். அவளும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் காத்திருந்தோம். தெருவில் கீரைக்காரி வந்து, கூவிவிட்டுப் போனாள்.

"வருது" என்றேன்.

செல்வி என் நெஞ்சில் கையை வைத்தாள்.