செக்கர் எண்ணிய ஏழு நாள்

முப்பத்திரண்டு வருடம் பேருந்துகளில் ஏறி இறங்கி டிக்கெட் சோதித்த மனிதருக்கு ஊரில் செக்கர் என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் பெயர் மாறவில்லை, அவரும் மாறவில்லை. எதிரே யார் வந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் டிக்கெட் இருக்கிறதா என்பதுபோல் கையைத்தான் பார்ப்பார். மருந்துக்கடையில் மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எண்ணாமல் நகர மாட்டார். உறவுக்காரர் ஒருவர் தனக்குக் காய்ச்சல் என்று சொன்னபோது, நெற்றியில் கை வைத்துப் பார்த்த பிறகுதான் ‘அடடா’ என்றார். “நான் செத்தாக்கூட மூச்சு இருக்கான்னு ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் அழுவாரு” என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பதுண்டு.

அந்த ஊரின் நடுவே ரயில் பாதை போகிறது. ஒரு நாளைக்கு இருபத்திரண்டு ரயில்கள் போகும், ஒன்றுகூட நிற்காது. ரயில் ஏற வேண்டுமென்றால் பஸ்ஸில் பதினோரு கிலோமீட்டர் தள்ளிப் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும். இதற்காக ஒரு குழு அமைத்தார்கள். மருந்துக்கடைக்காரர் தலைவர். டிரைவிங் ஸ்கூல் நடத்தும் செக்கரின் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, செயலாளர். மனு கொடுத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், கடையடைத்தார்கள். மூன்றாவது மனுவுக்குத்தான் உருப்படியாக ஒரு பதில் வந்தது. ஊரிலிருந்து பக்கத்து ஊர் ஸ்டேஷனுக்குத் தினம் சராசரியாக அறுநூறு பேராவது போகிறார்கள் என்று ஏழு நாள் எண்ணிக்கையோடு நிரூபித்தால், நிலையம் கட்டுவது பற்றி யோசிக்கலாம்.

யார் எண்ணுவது என்று டிரைவிங் ஸ்கூல் அறையில், சாலைக் குறியீட்டுப் படங்களுக்கு நடுவே உட்கார்ந்து பேசினார்கள். நம்ம ஆட்களை விட்டால் விளக்குக் கம்பத்தையும் சேர்த்து எண்ணிவிடுவார்கள், அப்புறம் ரயில்வேக்காரன் நம்ப மாட்டான் என்றார் தலைவர். எல்லோர் கண்ணும் ஓர் ஆளிடம்தான் போய் நின்றது. செக்கர் கையெழுத்துப் போட்ட தாளை எந்த அதிகாரியும் சந்தேகப்பட முடியாது. சந்தேகத்தையெல்லாம் அவரே மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்திருந்தாரே.

அவர் உடனே ஒப்புக்கொண்டதற்குக் காரணம் வேறு. அவருடைய ஒரே மகள் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். காலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். ஐந்துக்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்புவாள், பஸ், பிறகு ரயில். திரும்பி வரும்போது சாப்பிடத் தெம்பிருக்காது. ஆஸ்பத்திரியில் குவார்ட்டர்ஸ் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். “ரயில் இங்கேயே நின்னா நான் எதுக்குப்பா அங்க போய்த் தனியா இருக்கப்போறேன்?” என்று ஒரு நாள் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஒரு வாக்கியம் அவருக்குப் போதுமாயிருந்தது. குழுவில் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

நான்கு பஸ் நிறுத்தங்களுக்கும் இருவர் வீதம் எட்டுப் பேரைப் பொறுக்கினார். படிவத்தைத் தானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுத் தயாரித்தார். இரண்டு மாலை வகுப்பெடுத்தார். வழியனுப்ப வந்தவனை எண்ணக் கூடாது. இடுப்புக் குழந்தை ஆள் கணக்கில் வராது. பாஸ்காரர்கள் இடப்பக்கக் கட்டம், மற்றவர்கள் வலப்பக்கக் கட்டம், மொத்தம் கீழே. டீக்கடைக்குப் போவதாயிருந்தால் துணையாளிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். எண்ணியவன் கூட்டக் கூடாது, கூட்டுபவன் எண்ணக் கூடாது. இது அவருடைய பழைய அலுவலக விதி. அதனால் கூட்டல் வேலை மச்சினனுக்குப் போனது; கூட்டிய தொகையை யாரிடமும் காட்டாமல் உறையில் ஒட்டி ரயில்வேக்கு அனுப்ப வேண்டும் என்பதும் விதி.

அந்த ஏழு நாளும் அவர் எண்ணுகிறவர்களைச் சோதித்துக்கொண்டு நிறுத்தம் நிறுத்தமாக நடந்தார். இரண்டாம் நாள், எண்ணுகிறவர்களில் ஒருவரான தையல்காரர் ஐந்து கோடுகளை முன்கூட்டியே போட்டு வைத்திருந்ததைப் பிடித்துவிட்டார். எப்படியும் வரத்தான் போகிறார்கள் என்றார் தையல்காரர். செக்கர் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாள் கொடுத்தார். தையல்காரர் அதற்குப் பிறகு அவரிடம் பேசவில்லை. அவர் அதைப் பொருட்படுத்தவுமில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூட்டம் பிதுங்கி வழிவதைக் கண்ணால் பார்த்தார், அது போதும்.

பத்து நாளில் ரயில்வேயிலிருந்து கடிதம் வந்தது. தினச் சராசரி நானூற்றுப் பதினெட்டு. போதாது. மூன்று வருடம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம்.

மகள் கடிதத்தின் நகலை வாங்கி ஒரு தடவை படித்தாள். மடித்துக் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தன் வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட ஆரம்பித்தாள்.

செக்கர் அந்த நகலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். தினம் இருநூறு பேர் நிறுத்தத்துக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் காணாமல் போக முடியாது. யாரோ விழுங்கியிருக்கிறார்கள். தாள்கள் அவர் கையிலிருந்து ஒரே ஒரு கைக்குத்தான் போயின. மச்சினன் முன்னைப்போல் வீட்டுப் பக்கம் வருவதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தெருவில் பார்த்தால் போன் பேசுகிறவன் மாதிரி போகிறான். வாரத்துக்கு மூன்று நாள் பக்கத்து ஊருக்குப் போகிறான், கையில் அளவு டேப். மனைவியிடம் கேட்டால் ஏதோ வேலை என்கிறாள். ஏதோ வேலை என்ற பதிலை அவர் முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட ஏற்றுக்கொண்டதில்லை.

ஒரு வியாழக்கிழமை மச்சினன் ஏறிய பஸ்ஸின் பின்வாசலில் இவரும் ஏறினார். பக்கத்து ஊர் ஸ்டேஷனை ஒட்டி ஒரு காலி இடம், கம்பி வேலி, மேலே தகரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரயிலுக்குப் போகிறவர்கள் இருசக்கர வண்டியை விட்டுப் போவதற்கான ஸ்டாண்டு. பார்த்த மாத்திரத்தில் செக்கருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நம் ஊரில் ரயில் நின்றால் இங்கே யார் வண்டி விடுவான்?

நேரே போய் எதிரில் நின்றார். மச்சினன் அதிர்ச்சியடையவில்லை, சலித்துக்கொண்டான்.

“வாங்க அத்தான். பின்னாடி சீட்டுல உக்காந்திருந்தீங்களே, அப்பவே பாத்தேன்.”

“இது எப்போ பிடிச்ச இடம்?”

“லெட்டர் வந்து அஞ்சாம் நாள். நம்ம ஊர்ல வராதுன்னு ஆனப்புறம் நானும் பொழைக்கணும்ல? இந்தாங்க ஒப்பந்தம். வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க, உங்களுக்குத் திருப்தியா இருக்கும்.”

அவர் தூக்கித்தான் பார்த்தார். தேதி சரியாக இருந்தது.

“நான் திருடுறவனா இருந்தா ரயில் நிக்கிற மாதிரில்ல திருடியிருப்பேன்? இருநூறு பேரை நானே சேத்திருப்பேன்” என்று மச்சினன் ஒரு சாவியை நீட்டினான். “தாளெல்லாம் ஆபீஸ் அலமாரியில இருக்கு. நீங்களே கூட்டிக்கோங்க. அக்கா மொகத்துக்காகத்தான் பொறுத்துக்கறேன்.”

இருபத்தெட்டுத் தாள்களையும் இரண்டு தடவை கூட்டினார். ஒவ்வொரு தாளிலும் அவர் போட்ட கையெழுத்து, அவர் கோடு போட்ட கட்டம், கீழே மொத்தம். சராசரி நானூற்றுப் பதினெட்டுதான். அப்படியானால் எண்ணியவர்களிடம்தான் கோளாறு என்று முடிவு கட்டினார். தையல்காரர் வன்மத்தில் குறைத்திருக்கலாம். மறுநாள் காலை மகளோடு கிளம்பினார். ஒரு பஸ்ஸையாவது தன் கையால் எண்ணிப் பார்க்க வேண்டும்.

விடியாத நேரத்தில் பஸ் நிறைந்திருந்தது. செக்கரைப் பார்த்ததும் பழைய பயத்தில் கண்டக்டர் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டான். அவர் முன்னாலிருந்து பின்னால் வரை நடந்து எண்ணிவிட்டு மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“எத்தனைப்பா?”

“முப்பத்தாறு.”

அவள் திரும்பிப் பார்த்தாள். “நிக்கறவங்களே அவ்வளவு பேர் இருப்பாங்களே.”

“பாஸ் இருபத்தேழு. அது தனி.”

“பாஸ் வச்சிருக்கறவங்க ரயிலுக்குப் போகலையாப்பா?”

ஒரு பஸ்ஸில் ஏறினால் அவர் முதலில் செய்வது பாஸ்காரர்களைக் கழிப்பது. மிச்சமிருக்கும் தலைகளும் கண்டக்டர் கிழித்த டிக்கெட்டுகளும் ஒத்துப்போக வேண்டும், அதுதான் சோதனை. பாஸ் வைத்திருப்பவன் மேல் சந்தேகத்துக்கு இடமில்லை. சந்தேகத்துக்கு இடமில்லாதவன் அவர் கண்ணில் படுவதே இல்லை. அதே பழக்கத்தில் படிவத்தில் ‘மொத்தம்’ என்ற சொல்லை வலப்பக்கக் கட்டத்துக்குக் கீழே மட்டும் எழுதியிருந்தார். எழுதியதை எழுதியபடி மச்சினன் கூட்டியிருக்கிறான். விடிகாலையில் எழுந்து தினம் தினம் ரயிலுக்கு ஓடுகிற அத்தனை பேரும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் உட்பட, இடப்பக்கக் கட்டத்தில் கோடுகளாக நின்றுவிட்டார்கள்.

“தப்பு என்னோடதும்மா” என்றார். எப்படி என்று விளக்கியும் சொன்னார்.

அவள் கையிலிருந்த பாஸைப் பைக்குள் வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “லெட்டர் வந்த மறுநாளே குவார்ட்டர்ஸுக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்பா. அம்மாவுக்குத் தெரியும். ஒண்ணாம் தேதி போகணும்.”

“திருப்பிச் சொல்ல முடியாதா?”

“ஒரு வருஷத்துக்கு முடியாது.”

மச்சினன் பின்னால் பக்கத்து ஊர் வரை போய்த் துப்பறிந்தார். தன் வீட்டுச் சமையலறையில் இத்தனை நாள் ஒரு ரகசியம் இருந்தது அவர் மூக்குக்கு எட்டவே இல்லை.

இடப்பக்கக் கட்டங்களைக் கூட்டியதில் சராசரி இருநூற்று அறுபத்தேழு வந்தது. மொத்தம் அறுநூற்று எண்பத்தைந்து. மச்சினனிடம் போய்த் தன் தவறைச் சொன்னார். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினான், அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ரயில்வே அதிகாரி தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். இடப்பக்கக் கோடுகளின் மையையும் வலப்பக்க மையையும் ஒப்பிட்டார். ஒரு கோட்டை நகத்தால் சுரண்டினார். போதாது என்று எழுதி அனுப்பிய பிறகு இருநூற்று அறுபத்தேழு பேர் எங்கிருந்து முளைத்தார்கள் என்று கேட்டார். நான் பொய் சொல்லவில்லை சார் என்ற வார்த்தை செக்கரின் நாக்கு நுனி வரை வந்தது. பஸ் படிக்கட்டில் நின்று அதே வார்த்தையைச் சொன்னவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஒருவரைக்கூட அவர் நம்பியதில்லை. விழுங்கிவிட்டார்.

“உங்க ஆளுங்களை வச்சு எண்ணிக்கோங்க. நான் அந்தப் பக்கமே வர மாட்டேன்” என்றார்.

அதிகாரி அரை மனதோடு சம்மதித்தார். அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து ஏழாம் தேதி வரை.

செய்தியை மகளிடம் சொன்னார். இரண்டு நாள் கழித்து, ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் தவணை வாங்கியிருப்பதாகவும் எட்டாம் தேதிதான் போவதாகவும் சொன்னாள். எதற்கு என்று கேட்டாள் அம்மா. “எண்ணும்போது நான் இருக்க வேண்டாமா?” என்றாள்.

ஆறு நாள் அவர் வாக்கைக் காப்பாற்றினார். வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடந்து நடந்து மனைவியிடம் ஏச்சு வாங்கினார். ஏழாம் நாள் தெருமுனை வரை மட்டும் போனார். அங்கிருந்து நிறுத்தம் தெரியும். அட்டையும் பேனாவுமாக ரயில்வேயிலிருந்து வந்த ஒரு பெண் நின்றிருந்தாள். வரிசை நகர்ந்தது. சரியாக மகள் படியில் கால் வைக்கும்போது அந்தப் பெண் தலையைத் திருப்பித் தும்மினாள். பேனா அசையவில்லை என்று அவருக்குத் தோன்றியது. இரண்டு எட்டு எடுத்து வைத்தார், நின்றார்.

மகள் படியிலிருந்து இறங்கினாள். அந்தப் பெண்ணின் முழங்கையைத் தொட்டு, பாஸை எடுத்துக் காட்டி, அட்டையில் கோடு விழும் வரை நின்று பார்த்துவிட்டு ஏறினாள்.

அந்த வாரத்தின் சராசரி அறுநூற்று எழுபத்தொன்று என்று பிறகு கடிதம் வந்தது. குழுவினர் டிரைவிங் ஸ்கூலில் கூடிக் கை தட்டினார்கள், தையல்காரர்கூட வந்திருந்தார். எட்டாம் தேதியிலிருந்து அதில் ஒன்று குறைவு என்பதை, எதையும் திருத்தாமல் விடாத செக்கர், யாரிடமும் சொல்லவில்லை.