மண்ணுக்குப் பவுடர் போட்டவர்

ஸ்டுடியோவை மூடிவிட்ட பிறகும் ஊர் அவரை ஸ்டுடியோக்காரர் என்றே அழைத்தது. ஒரு தலைமுறைக் காலம் ஊராரின் முகங்களில் பருவை எடுத்து, சுருக்கத்தை நீவி, ஒன்றரைக் கண்ணை நேராக்கி அனுப்பிவைத்தவர். அவர் எடுத்த படத்தை நம்பிப் பெண் கொடுத்த மாமனார்கள் சிலர், கல்யாணத்தன்று மாப்பிள்ளையை மாப்பிள்ளைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு தேடியிருக்கிறார்கள். மற்றபடி அவர் பொய்யே சொல்லாதவர். வாயால் சொன்னால்தான் பொய், படத்தில் சொன்னால் அது தொழில் என்பது அவருடைய கட்சி.

எல்லார் கையிலும் போன் வந்து, அவரவர் முகத்தை அவரவரே திருத்திக்கொள்ள ஆரம்பித்ததும் கடைக்குப் பூட்டு விழுந்தது. அவருடைய மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு அவர் நர்ஸம்மா. பிறந்த வீட்டில் தனக்குப் பங்காக வந்த நிலத்தில் தக்காளி போடலாம் என்றார் நர்ஸம்மா. பக்கத்து நிலம் அவருடைய அண்ணனுடையது. அண்ணனுக்குத் தங்கையின் மேல் பாசம், தங்கையின் நிலத்தின் மேல் அதைவிடக் கொஞ்சம் அதிகம். ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட்டு ஒரு ஏற்பாடு சொன்னார்.

“ஒரு பருவம் பாருங்க மாப்ள. முதல் பறிப்புக்கு முன்னாடி நான் வந்து பாப்பேன். செடி சரியில்லைன்னா வரப்பை எடுத்துட்டு ரெண்டையும் நானே சேத்து உழுதுக்கறேன். நீங்க கௌரவமா வீட்ல இருக்கலாம்.”

கௌரவமாக வீட்டில் இருப்பது எப்படிப்பட்ட வாழ்க்கை என்று ஸ்டுடியோக்காரருக்குக் கடை மூடிய முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. சரி என்று தலையாட்டிவிட்டு நேராக விவசாய ஆபீசுக்குப் போனார். இயற்கை உரம்தான் போடப்போகிறேன் என்றார். அங்கிருந்த அதிகாரியம்மா, எந்த உரமானாலும் முதலில் மண்ணைச் சோதித்துவிடுங்கள், எது குறைகிறதோ அதைக் கொடுத்தால் போதும் என்று சொல்லி ஒரு துணிப்பையைக் கொடுத்தார். நிலத்தில் பல இடங்களில் அரையடி ஆழம் தோண்டி, எல்லாவற்றையும் கலந்து எடுத்து வரவேண்டும். எருக்குழிப் பக்கமும் மரநிழலிலும் மட்டும் எடுக்கக் கூடாது.

ஸ்டுடியோக்காரர் நிலத்தைச் சுற்றி வந்தார். எங்கு பார்த்தாலும் வெளிறிப்போன மண், பொங்கிய கட்டிகள், சரளைக்கல். இப்படி ஒரு முகத்தைப் படம் எடுத்து வெளியே அனுப்பினால் தொழிலுக்கே அவமானம் என்று பட்டது. ஓரத்து மரத்தடியில் மாமனார் காலத்துச் சாணக்குப்பை மக்கி மக்கிக் கறுத்துக் கிடந்தது. கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிர்ந்தது. இதில்தான் ஒரு முகக்களை இருந்தது. அதை அள்ளி, நிழலில் உலர்த்தி, வேர்த்துண்டுகளைப் பொறுக்கி, வீட்டு மாவுச் சல்லடையில் சலித்து, இஸ்திரி போட்ட துணிப்பையில் கட்டிக் கொடுத்தார்.

முடிவு வந்தது. தழைச்சத்து அதிகம், மணிச்சத்து அதிகம், சாம்பல்சத்து அதிகம், இந்தப் பருவத்துக்கு உரம் தேவையில்லை. ஸ்டுடியோக்காரர் அதற்குச் சட்டம் போட்டு, கூடத்தில் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அந்தக் கல்யாணப் படத்தில் இருக்கும் அவருடைய தலைமுடியும் அதே வகையைச் சேர்ந்ததுதான். டீக்கடையில் நாலு பேரிடம் சொன்னார். நாலு பேர் ஊரிடம் சொன்னார்கள். நர்ஸம்மா ஏற்பாடு செய்த ஒரு வண்டி எருவை, எங்கள் மண்ணுக்குப் பசியே இல்லை என்று சொல்லி வாசலோடு திருப்பி அனுப்பினார். அந்த வாசகம் டீக்கடையில் ரொம்ப நாள் ஓடியது.

மண்ணுக்குப் பசி இல்லையோ என்னவோ, செடிக்கு இருந்தது. நட்டுக் கொஞ்ச நாளில் அடியிலைகள் மஞ்சளாயின. வெயில் அப்படி விழுகிறது என்றார். மஞ்சள் மேலே ஏறியது. அது ஒரு ரகம் என்றார். பிறகு எதுவும் சொல்லாமல், தினமும் காலையில் போய் மஞ்சள் இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிவிட்டு வந்தார். பருவை எடுத்த கை அது. செடிகள் மஞ்சளாகத் தெரியவில்லைதான், செடியாகவும் தெரியவில்லை.

மச்சான் வரும் நாள் நெருங்கியது. ஒரு காலை நர்ஸம்மா, ரொம்ப நாள் கழித்து மாவு சலிக்க எடுத்த சல்லடையைக் கணவர் முன்னால் வைத்தார். கம்பிக் கண்ணெல்லாம் கறுப்பு அப்பியிருந்தது.

“எந்த இடத்து மண்ணுங்க இது?”

“நல்ல இடமாப் பாத்துத்தான் எடுத்தேன்.”

“ஆஸ்பத்திரில பாத்திருக்கேன். பெரிய டாக்டர் வர்ற நேரமாப் பாத்து நோயாளிக்கு முகம் கழுவி, பவுடர் போட்டு உக்கார வைப்பாங்க சொந்தக்காரங்க. டாக்டரும் நல்லாத்தானே இருக்காருன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாரு. அந்த ஆளை மறுநாள் தூக்கிட்டு வருவாங்க.”

ஸ்டுடியோக்காரர் சட்டத்துக்குள் இருந்த முடிவைப் பார்த்தார். இப்போது எரு போட்டால் ஊர் சிரிக்கும். போடாவிட்டால் மச்சான் சிரிப்பார், நிலமும் போகும். நர்ஸம்மாவிடம் வைத்தியம் தயாராக இருந்தது. கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துப் புளித்த தண்ணீரை நீர் சேர்த்து வேருக்கு ஊற்றவேண்டும். அது உடனே கேட்கும். மரத்தடிக் குப்பையை அள்ளி ஒவ்வொரு செடிக்கும் வைக்கவேண்டும். அது நின்று கேட்கும்.

“படத்தை மாத்த முடியாது. முகத்தைத்தான் படத்துக்குத் தகுந்த மாதிரி கொண்டு வரணும்” என்றார் நர்ஸம்மா. ஸ்டுடியோக்காரரின் தொழிலில் இப்படி ஒரு வழி இருப்பது அவருக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

குப்பை மரத்தடியில்தான் இருந்தது, ஆனால் பாதை டீக்கடையைப் பார்த்தபடி போனது. கூடையில் சுமந்தால் தெரிந்துவிடும். ஸ்டுடியோவின் கறுப்புக் கேமராப் பெட்டியை எடுத்தார். செடியின் வளர்ச்சியைப் படம் எடுப்பதாகச் சொல்லிக்கொண்டு, பெட்டியோடு மரத்தடிக்கும் பாத்திக்கும் நடையாய் நடந்தார். கேமரா ஏன் இவ்வளவு கனக்கிறது என்று டீக்கடைக்காரர் கேட்டதற்குப் பழைய மாடல் என்றார். புண்ணாக்குத் தண்ணீரின் வாடையை மட்டும் எந்தப் பெட்டியிலும் அடைக்க முடியவில்லை. அது படம் கழுவும் மருந்து என்று சொல்லிவிட்டார்.

கிள்ளிய இலைகள் திரும்ப வரவில்லை. ஆனால் புதுக் கொழுந்துகள் பச்சையாக வந்தன, பூவும் பிஞ்சுமாகச் செடி நிமிர்ந்தது. மச்சான் வந்தார். முதல் பாத்தியைப் பார்த்தார், கடைசிப் பாத்தியைப் பார்த்தார். பிறகு மரத்தடிக்குப் போய், குப்பை இருந்த இடத்தில் இருந்த பள்ளத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

“மாப்ள, உரமே வேணாம்னு ஊரெல்லாம் சொன்னீங்களே. அப்ப எங்கப்பா சேத்துவெச்ச குப்பை நடந்தா போச்சு? ஏமாத்தி வந்த பச்சை கணக்குல வராது. அடுத்த பருவம் நான் உழறேன்.”

அப்போதுதான் அதிகாரியம்மா மண்வெட்டியும் பைகளுமாக வரப்பில் வந்து நின்றார். ஆபீசில் அவருக்கு ஒரு சந்தேகம். வரப்புக்கு இந்தப் பக்கத்து மண்ணில் எல்லாச் சத்தும் அதிகம்; அந்தப் பக்கத்து மண்ணில், வருஷா வருஷம், எல்லாமே அடியோடு இல்லை, உப்பு மட்டும் உண்டு. ஒரே பூமி எப்படி ஒரு அடி வரப்பில் சொர்க்கமும் பாலைவனமுமாகப் பிரிந்தது என்று நேரில் பார்க்க வந்திருந்தார்.

நர்ஸம்மா அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். சத்தில்லாத மண்ணுக்கு ஆபீசில் இலவச உர மூட்டை உண்டு. அண்ணன் நிலத்தில் புல்கூட முளைக்காத உவர்த்திட்டு ஒன்றும் உண்டு.

“அண்ணே, நீங்க எந்த இடத்துல எடுத்துக் குடுப்பீங்க?” என்றார் தங்கை, ரொம்ப மரியாதையாக.

மச்சானுக்குத் தக்காளிச் செடிகளின் மேல் திடீரென்று மதிப்பு கூடியது. நல்லா இருக்கே செடி, யார் என்ன சொன்னது, தங்கச்சி நிலத்தைத் தங்கச்சியும் மாப்பிள்ளையும் பார்ப்பதுதானே முறை என்று அதிகாரியம்மாவையே சாட்சிக்கு இழுத்தார். அதிகாரியம்மா அதைக் காதில் வாங்காமல் இரண்டு நிலத்திலும் தானே குனிந்து தோண்டினார்.

இரண்டு முடிவும் ஒன்றாக வந்தன, ஏறக்குறைய ஒரே மாதிரி. இரண்டுமே சுமாரான மண். தழைச்சத்துக் குறைவு, வருஷா வருஷம் மக்கிய எரு போடவேண்டும். நர்ஸம்மா பழையதைக் கழற்றிவிட்டு அதே சட்டத்தில் புதியதை மாட்டினார். ஓரங்களையாவது கொஞ்சம் மங்கலாக்கலாமே என்று ஸ்டுடியோக்காரர் முணுமுணுத்துப் பார்த்தார். பிறகு எரு வண்டிக்காரரை அவரே போய்க் கூப்பிட்டு வந்தார், டீக்கடை வழியாகவே.

அடுத்த வாரம் மச்சான் வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்தார், சுவரில் இருந்த முடிவைப் பார்க்காத மாதிரி பார்த்தார். எழுந்திருக்கும்போதுதான் வந்த காரியத்தைச் சொன்னார்.

“அந்தக் கேமராப் பெட்டி சும்மாதான கிடக்கு மாப்ள? ஒரு வாரம் குடுங்களேன். நானும் செடியைக் கொஞ்சம் படம் எடுத்துப் பாக்கறேன்.”