ஜீப்பின் ஆறாவது குண்டு

நான் நாலாங்கிளாசுக்கு மேல் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவன் இல்லை. ஆனால் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, வண்டியின் சத்தத்தைக் கேட்டே நோய் சொல்கிற ஆள் யார் என்று விசாரித்துப் பாருங்கள். டீக்கடைப் பையன்கூட என் ஷெட்டுக்கு வழி காட்டுவான். படித்த பிள்ளைகள் என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வருகிறார்கள். அவர்களிடம் முதல் நாளே என் முதல் வெற்றியைச் சொல்லிவிடுவேன். ஒரு தெருவே குனிந்து தேடியும் கிடைக்காத சாமானைப் பத்து வயதில் நான் ஒருவன் கண்டுபிடித்த கதை அது. எப்போதும் அதைப் பாதியோடு நிறுத்திக்கொள்வேன். இங்கே முழுசாக எழுதுகிறேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, பட்டாளத்தில் கழித்துவிட்ட ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்து வைத்திருந்தார். திருப்பருத்திக்குன்றத்து ஜைனர் கோயிலைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களை அதில் ஏற்றிக்கொண்டு போவார். ஸ்டியரிங்கைப் பிடிக்கத் தெரியும், ஹாரன் அடிக்க இன்னும் நன்றாகத் தெரியும். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் அவருக்கு இருட்டு. ஆனாலும் பேச்சு பெரிது. "நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிப்பா இது. ஊர்ல எவன்கிட்ட இருக்குது?" என்று தெருமுனையில் நின்று கேட்பார். 

அந்த ஜீப்பில்தான் என் அக்காவைப் பெண் பார்க்க வருகிறவர்களை ஆரணியிலிருந்து அழைத்து வருவதாக மாமா வாக்குக் கொடுத்திருந்தார். ஆரணிக்காரர்கள் தறி நிறைய உள்ள வீடு. வெள்ளிக்கிழமை ராகுகாலத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும் என்று பேச்சு. அப்பாவுக்கு அந்தச் சம்பந்தத்தில் அவ்வளவு ஆசை. காரணம், அதற்கு முன்னால் முறிந்துபோன ஒரு பேச்சு. அக்காவைக் கூரத்தில் இருக்கும் அத்தையின் மகனுக்குத்தான் கொடுப்பதென்று சின்ன வயதிலேயே சொல்லி வைத்திருந்தார்கள். அவரோ தறியை விட்டுவிட்டு லாரி ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். "பட்டுல கை வெக்க வேண்டியவன் கிரீஸ்ல கை வெச்சிட்டான்" என்று அப்பா அதோடு பேச்சை அறுத்தார். அக்காவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.  குறுக்கிழைப் பட்டைத் தார்க்குச்சியில் சுற்றுகிற அவள் ராட்டை மட்டும் அதற்குப் பிறகு கொஞ்சம் வேகமாகச் சுற்றியது.

வெள்ளிக்கு முந்தின நாள், திருப்பத்தில் ஒடித்தால் ஜீப்பின் முன்சக்கரம் டக் டக் என்று அடிக்க ஆரம்பித்தது. மாமா யோசிக்கவே இல்லை, கூரத்துக்கு ஆள் அனுப்பிவிட்டார். "சொந்தக்காரன் இருக்கசொல்ல ஷெட்டுக்கு எதுக்குப் போவணும்? ஒரு டம்ளர் காப்பி குடுத்தா செஞ்சிட்டுப் போறான்." ஜீப் மாமாவுடையது என்பதால் அப்பாவால் தடுக்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு தறிக்குழியில் இறங்கிவிட்டார்.

அத்தை மகன் சைக்கிளில் வந்தார். எங்கள் தெருவில் அன்று பக்கத்து வீட்டு நெசவுப் பாவு கஞ்சி போடுவதற்காக இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. சேலையின் நீளவாட்டு இழை அத்தனையும் தெரு நெடுகக் காற்றில் நிற்கும். அதில் ஒரு சொட்டு கிரீஸ் பட்டால் அந்தச் சேலை போயிற்று. "ஏம்பா மெக்கானிக்கு, அந்தாண்டயே இரு. இந்தப் பக்கம் மூச்சுகூட வுடாதே" என்று பக்கத்து வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். அதனால் எங்கள் வாசற்படியை ஒட்டிச் சாக்கு விரித்து வேலை தொடங்கியது. நிலைப்படிக்கு உள்ளே அக்கா ராட்டையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் எப்போதும் அங்கேதான் உட்காருவாள்.

முன்சக்கரம் திரும்பவும் வேண்டும், திரும்பியபடியே சுற்றவும் வேண்டும். அதற்காக அச்சின் நடுவில் இரும்புக் கிண்ணம் போல ஒரு மூட்டு இருக்கும். அதற்குள் கோலியைவிடக் கொஞ்சம் பெரிய ஆறு குண்டுகள். கிரீஸ் வற்றினால் அவை ஒன்றையொன்று திட்டிக்கொள்ளும்; அந்தத் திட்டுதான் டக் டக். அத்தை மகன் சக்கரத்தைக் கழற்றி, அச்சை உருவி, குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மண்ணெண்ணெயில் கழுவினார். புது கிரீஸைப் பூசிப் பூசித் தட்டில் வரிசையாக வைத்தார். தட்டு வாசற்படி மேல் இருந்தது. பிறகு கிண்ணத்தில் கிரீஸ் அடைக்கத் திரும்பி உட்கார்ந்தார்.

திரும்பிப் பார்த்தபோது தட்டில் ஐந்துதான் இருந்தன.

"எங்கப்பா இன்னொண்ணு?" என்றார் மாமா.

அத்தை மகன் தட்டைப் பார்த்தார். நிலைப்படியைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்து, "உருண்டிருக்கும், அண்ணே" என்றார்.

எங்கள் தெரு சாக்கடைப் பக்கம் சரிவு. போதாதா? அவ்வளவு பேரும் குனிந்துவிட்டார்கள். கட்டியிருந்த பாவுக்கு அடியில் கஞ்சிக் கையோடு ஆண்கள் தவழ்ந்தார்கள். "தலைய தூக்காதேடா, இழை அறுந்துடும்!" என்று ஒரு சத்தம், "குண்டு கெடச்சா கையால தொடாதே, என்னைக் கூப்புடு!" என்று இன்னொரு சத்தம். நான் சாக்கடையில் முழங்கை வரை விட்டுத் துழாவினேன். பழைய கோலி கிடைத்தது, ஒரு பித்தளைத் திருகு கிடைத்தது, குண்டு கிடைக்கவில்லை. எங்கள் வீட்டுக்குள்ளும் மூலை முடுக்கெல்லாம் தேடினார்கள், பட்டு இருந்த இடங்களைத் தவிர. கிரீஸ் கையோடு பட்டைத் தொடுகிற துணிச்சல் எங்கள் தெருவில் யாருக்கும் கிடையாது.

பொழுது சாய்ந்தபோது மாமா மெல்லக் கேட்டார்: "அஞ்சு குண்டோட ஓட்டினா இன்னா ஆவும்?"

"நகராது அண்ணே. நீங்கதானே சொல்வீங்க, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டின்னு. ஒண்ணு இழுக்கலன்னா மத்த மூணும் இன்னா பண்ணும்?"

மாமா மறுபடி சாக்கடைப் பக்கம் குனிந்தார். அவருடைய பேச்சே அது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மறுபடி தேடல். அத்தை மகனும் கூரத்திலிருந்து வந்து மண்ணைச் சலித்தார். "பஸ்ல போயாவது இட்டாந்துடு" என்று அப்பா கத்தினார். "ஜீப்புன்னு சொல்லிட்டு பஸ்ல இட்டாந்தா என் மானம் இன்னா ஆவுறது? இதோ, அஞ்சு நிமிஷம்" என்று மாமா அந்த ஐந்து நிமிஷத்தை ராகுகாலம் முடியும்வரை இழுத்தார். கடைசியில் பஸ் ஏறிப் போய், சாயங்காலம் தனியாகத் திரும்பினார். விடியற்காலையிலிருந்து பட்டு உடுத்திக் காத்திருந்த ஆரணி வீட்டுப் பெரியவர், "கெளம்பறப்பவே தடங்கல். இந்தப் பேச்சு இதோட இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாராம்.

 அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அப்போது அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"டேய், கைய சீயக்காய் போட்டு நல்லா கழுவிட்டு, அந்தத் தார்ப்பெட்டிய எடுத்தாடா."

கழுவிக்கொண்டு போய்ப் பெட்டியைத் தூக்கினேன். வழக்கத்தைவிடக் கனத்தது. பட்டு சுற்றிய தார்க்குச்சிகளை விலக்கிப் பார்த்தால், அரக்குக்கும் மாம்பழ மஞ்சளுக்கும் நடுவில், கண்ணாடி போலப் பளபளவென்று குண்டு!

நான் போட்ட கூச்சலில் தெரு கூடிவிட்டது. மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். "என் மருமவன் கண்ணு கழுகுக் கண்ணுடா! இவன் பெரிய ஆளா வருவான்." வந்தேனா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். அத்தனை பேரும் சிரித்தார்கள். வாசலில் நின்ற அத்தை மகன் மட்டும் ஏனோ தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அத்தை மகன் ஆறு குண்டையும் போட்டு அச்சைப் பூட்டினார். ஜீப் திருப்பத்தில் சத்தமில்லாமல் திரும்பியது. அம்மா அதற்குப் பிறகு அப்பாவை விடவில்லை. "ரெண்டு நாளா சோறு தண்ணி இல்லாம நம்ம வூட்டு நல்லதுக்காக மண்ணுல பொரண்டாம்பாரு, அவனாண்டயா உனக்குக் கோவம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தை மாதத்தில் அப்பா கூரத்துக்கு நடந்தார். மாப்பிள்ளை அழைப்புக்கு அதே ஜீப் போயிற்று.

சில வருஷம் கழித்து நான் அக்கா புருஷனிடமே தொழிலுக்குச் சேர்ந்தேன். ஒருநாள் அதே மாதிரி ஜீப் ஒன்றின் முன்அச்சைக் கழற்றிப் போட்டிருந்தோம். வண்டிக்காரர் அவசரமாகப் போக வேண்டும் என்றார். "அச்ச எடுத்து ஓரமா வெச்சிட்டு சக்கரத்த மாட்டிக் குடுடா. பின்சக்கரம் தள்ளிக்கினு பூடும்" என்றார் அக்கா புருஷன். வண்டி ஜம்மென்று போயிற்று. நான் ஸ்பேனரோடு அப்படியே நின்றேன். அன்றைக்கும் இப்படிச் செய்திருந்தால் ஆரணி என்ன, அதற்கு அப்பாலும் போயிருக்குமே!

அந்த யோசனையில் மறு கையிலிருந்த குண்டு நழுவியது. கிரீஸ் பூசிய குண்டு. தொப்பென்று விழுந்து, விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. காலால் தள்ளினேன்; மண்ணைப் பூசிக்கொண்டதே தவிர உருளவில்லை. உருளாத குண்டு அன்று தார்ப்பெட்டிக்குள் எப்படிப் போயிற்று, அதுவும் கிரீஸ் துடைத்து?

நிமிர்ந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கினீங்களா?"

"அவ எடுத்ததயே நான் பாக்கலடா. தட்டுல ஒண்ணு கொறஞ்சுது, ராட்டை நின்னுச்சு. அவ்வளவுதான். வேலையப் பாரு."

மத்தியானம் அக்காதான் சோறு போட்டாள். அவள் கையையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். "இன்னாடா பாக்கிற?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். தார்ப்பெட்டியை எடுத்துவரச் சொன்னதே அவள்தான் என்பது சோறு பாதி இறங்கிய பிறகுதான் உறைத்தது. அதுவும் ஆரணிக்குப் போன மாமா வெறும் கையோடு வந்த பிறகு, என்னைக் கை கழுவவும் வைத்து.

ஆனாலும் பெட்டிக்குள் போனது என் கைதான். அதை இன்றுவரை யாரும் இல்லை என்று சொன்னதில்லை.