தட்டினால் கழலும் பிடி

1956 நவம்பர் 1: தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. பாறசாலையை அடுத்த எங்கள் வீடும் அதனுடன் நின்றது.

அதற்கு இரண்டாண்டுகள் முன், தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரிய போராட்டம் சூடேறியிருந்தபோது, ஆயுதம் தேடிப் போலீஸ்காரர்கள் வீடுகளுக்குள் வந்தார்கள். எங்களிடம் இருந்தது ஒரே கத்தி. உடைந்த அறுப்புவாளின் துண்டை அராவி, பலாமரப் பிடி போட்டு, மணமான மாதத்தில் மனைவிக்கு நானே செய்து கொடுத்தது. மரச்சீனிக் கிழங்கு சீவவும் மீன் வெட்டவும் அது ஒன்றுதான்.

வந்தவரிடம் நான் சட்டம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பிடி போட்டா அது ஆயுதமாக்கும் சாரே" என்று சொல்லிக் கத்தியை எடுத்துக்கொண்டு போனார்.

"பி.எல். படிச்சு ஒரு கத்தியக் காப்பாத்த முடியல்லியே" என்றாள் மனைவி. "மிச்ச வாள் கிடக்குல்லா? இன்னொண்ணு செய்யுங்க. பிடிய இறுக்காண்டாம். தட்டினா கழரணும்."

கத்தியின் வாலைப் பழுக்கக் காய்ச்சி மரத்துக்குள் அடித்து இறக்கினால் ஆயுளுக்கும் அசையாது. நான் துளையைச் சற்றுப் பெரிதாக்கி, துணி சுற்றிச் செருகினேன்.

அடுத்த முறை முற்றத்தில் பூட்ஸ் சத்தம் கேட்டதும், அடுப்பருகே இருந்த அம்மியில் கத்தியைத் தட்டினாள். கழன்ற பிடியை அடுப்புக்குள் போட்டாள்.

"கத்தி உண்டா?" என்றார் போலீஸ்காரர்.

வெறும் தகட்டை நீட்டினாள்.

"இதுக்க பிடி எங்க?"

"அடுப்புல கிடக்கு. வேணும்னா கைய விட்டு எடுத்துக்கிடும் சாரே."

அவர் சிரித்துவிட்டார். கத்தி வீட்டில் தங்கியது.

பிறகு புளி, அயினி, பூவரசு என்று கிடைத்த மரத்திலெல்லாம் பிடி செய்தேன். எரியப்போகிறது என்று தெரிந்தே ஒவ்வொன்றையும் வழவழப்பாகத் தேய்த்தேன்.

"விறகுக்கு எதுக்கு இந்த மினுக்கு?" என்பாள்.

எரியும்வரை அது அவள் கையில் இருக்கும் என்று நான் சொல்லவில்லை.

எல்லை முடிவானதும் சோதனைகள் நின்றன. விளவங்கோட்டுக்கு வந்துவிடும்படி உறவினர்கள் அழைத்தார்கள். "எல்லைய வரைஞ்சவன் போகட்டும். நான் எதுக்குப் போணும்?" என்றாள். பிடியை இறுக்கவும் கடைசிவரை விடவில்லை.

சென்ற மாதம் அவளை அடக்கம் செய்தோம். சமையலறையை ஒழுங்குபடுத்திய மகன் கத்தியைத் தூக்கினான். பிடி கழன்று தரையில் விழுந்து பிளந்தது.

"கைய வெட்டிரும் அப்பா. களைஞ்சிரலாம். இனி எவன் வரப்போறான்?"

"வரட்டும், வராம இருக்கட்டும். அங்க வை மக்கா."

செய்யாமல் கிடப்பவை:

புளியங்கட்டையில் துளையிட வேண்டும். சற்றுப் பெரிதாக.

பிடியைத் தேய்க்க வேண்டும். என் கைக்கு அல்ல, அவள் கைக்கு.

கல்லறையில் அவள் பெயரைத் தமிழில் வெட்டச் சொல்ல வேண்டும்.

மகன் வெளியே எடுத்துப் போட்ட அம்மியை அடுப்பருகே திரும்ப வைக்க வேண்டும்.