எழுத்து தேயும் டம்ளர்

பூனாவின் ஔந்த் பகுதியில் ஒரு ஃப்ளாட்டில் தனியாக இருக்கும் ஐம்பது தாண்டிய ஆள் மாயாஜாலக் கதை கட்டுகிறான் என்றால், அவனுக்குப் பொழுது போகவில்லை என்று அர்த்தம். என் விஷயம் வேறு. எனக்குப் பொழுது தாராளமாகப் போனது. மகளின் ஃபோன்தான் வரவரக் குறைந்துகொண்டு வந்தது.

மனைவி தவறிய பிறகு மகள் வேலைக்காக பெங்களூர் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள். சாப்பிட்டாயா, மழையா என்று கேட்டு முடித்ததும் இருவரிடமும் சரக்கு தீர்ந்துவிடும். அவள் தடித்தடியான இங்கிலீஷ் மாயாஜாலக் கதைகளாகப் படித்து வளர்ந்தவள். அதனால்தான் நானும் ஒன்று கட்டத் துணிந்தேன். பூனாவில் வளர்ந்த பிள்ளை, தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆகவே வாரம் ஒரு அத்தியாயம் பேசிப் பதிந்து அனுப்பினேன். திகில் வரும் இடங்களில் நிறுத்திப் பெருமூச்செல்லாம் விட்டேன்.

"நான் டபுள் ஸ்பீட்ல கேக்குறேன்பா. நீ மூச்சு விடுறது நாய் இளைக்குற மாதிரி இருக்கு" என்றாள்.

வாளையும் மோதிரத்தையும் மற்ற கதைக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டதால், என் கதைக்கு மிஞ்சியது ஒரு எவர்சில்வர் டம்ளர். நம் வீடுகளில் பாத்திரத்தில் பெயர் வெட்டுவோமே, மந்திரம் அதில்தான். யார் பெயர் வெட்டியிருக்கிறதோ, டம்ளரைக் காதில் வைத்தால் அவர் குரல் கேட்கும். ஒரு கிழட்டு ராஜா தினமும் அதைக் காதில் வைத்துக்கொண்டு, தூரதேசம் போன இளவரசி பேசுவதைக் கேட்கிறான்.

"இளவரசி ஐடி கம்பெனியிலயா இருக்கா?"

"சேச்சே. டிராகன் மேய்க்குறா."

"சேம் வேலைதான். ஆனா ரூலே இல்லையேப்பா. மேஜிக்னா ஏதாவது காஸ்ட் வேணும். ராஜா நெனச்சப்பல்லாம் கேக்கலாம்னா அவனுக்கு என்ன நஷ்டம்?"

"வயசானவன், பாவம். சும்மா கேட்டுட்டுப் போகட்டுமே."

"அரே, பாவம்னுலாம் மேஜிக் குடுக்க முடியாது."

அவள் சொன்னது சரிதான். எதையும் வெட்டுகிற வாள் கையில் இருப்பவனுக்குக் கதையே கிடையாது. விலை இல்லாவிட்டால் மந்திரம் வெறும் வீட்டுச் சாமான், மிக்ஸி மாதிரி. எனவே விதி செய்தேன்: ஒவ்வொரு முறை கேட்கும்போதும் பெயரில் ஒரு எழுத்து தேய்ந்து மறையும்.

"சூப்பர்ப்பா" என்றாள். ஒரு நிமிடம் கழித்து, "அப்போ பேரு தீந்தா கதையும் முடிஞ்சிருமா?"

அதை நான் யோசிக்கவே இல்லை. இளவரசிக்கு மூன்றெழுத்துப் பெயர் வைத்துத் தொலைத்திருந்தேன்.

அடுத்த வாரம் ராஜா டம்ளரைத் திருப்பிப் பார்த்தான். பெயருக்கு மேலே "காதுகுத்து விழாவிற்குப் பெரியப்பா பெரியம்மா மற்றும் குழந்தைகளின் அன்பளிப்பு" என்று பொடியாக வெட்டியிருந்தது. தேய்மானம் அங்கிருந்து தொடங்கும் என்று அறிவித்தேன்.

"இது சீட்டிங்" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. அந்தப் பெரியப்பா குடும்பத்தை வைத்து மழைக்காலத்தையே ஓட்டினேன்.

கடைசியில் ஒரு ஞாயிறு, "முடிச்சிருப்பா. ராஜா பாட்டுக்கு ஒக்காந்து தேச்சுட்டே இருக்கான். கதையில எதுவுமே நடக்கல" என்றாள்.

"முடிச்சிட்டா நீ..." என்று ஆரம்பித்து, "கைதட்டணும்" என்று சமாளித்தேன்.

முடித்தேன். கடைசி எழுத்தும் போனது. ராஜா வெறும் டம்ளரில் காப்பி ஊற்றிக் குடித்தான். இந்த முறை பெருமூச்சு எதுவும் விடவில்லை. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அந்த வாரம் முழுக்க வேறொன்றும் வரவில்லை.

ஞாயிறு மதியம் ஃபோன் அடித்தது. எடுத்தேன். அவள் பக்கம் வாஷிங் மெஷின் சுற்றும் சத்தம்தான் கேட்டது. ஒரு ஜோக் தேடினேன், அகப்படவில்லை.

"அப்பறம்?" என்றாள்.

"ஒண்ணுமில்லடா. வீடு ரொம்ப அமைதியா இருக்கு."

சொன்ன பிறகுதான், இதை அவளிடம் இதுவரை சொன்னதே இல்லை என்று உறைத்தது.

"ம்" என்றாள். ஃபோனை வைக்கவில்லை. மெஷின் துணி பிழியத் தொடங்கியது. நாங்கள் இருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.