அம்புப் பலகைக்கு ஒரு பெட்டி

மத்தியானம் மூன்று மணி. வெளியே மழை இருட்டு. மூடிய பெட்டிக் கதவுகளின் நடுவே மயிரிழை போல மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வலியசாலை வீட்டில் அந்த நேரத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. நான் பெட்டியைத் தொடவில்லை.

மாமனார் மின்சார இலாகாவில் ஓவர்சியர். அவருடைய ஒரே பிள்ளையான என் கணவர், கல்யாணமான எட்டாம் மாதம் வேலைக்காகச் சிங்கப்பூர் போனார். யுத்தம் அங்கே எட்டியதும் கடிதம் நின்றது. யுத்தம் முடிந்து, கப்பல்கள் வரத் தொடங்கிய பிறகும் ஒரு வரி இல்லை. நாலு வருஷமாக மாமனாரும் நானும் அவரைப் பற்றிப் பேசாமலே ஒரே வீட்டில் வளையவந்தோம்.

அப்போதுதான், சீமைக்குத் திரும்பிய எஞ்சினியர் ஒருவர் உத்தியோகஸ்தர்களின் கிளப்புக்கு ஒரு டார்ட்ஸ் பலகையைக் கொடுத்துவிட்டுப் போனார். இறகு வைத்த சின்னப் பித்தளை அம்புகளை எறிந்து விளையாடும் வட்டப் பலகை. விளையாட்டு அறையில் ஈரம் படாமல் அதை மாட்ட, இரட்டைக் கதவும் விளக்கும் வைத்த பெட்டி ஒன்று வேண்டுமென்றார்கள். தானே செய்து தருவதாக மாமனார் ஏற்றுக்கொண்டார். நல்ல மரம் கிடைக்காத காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், என் கணவரின் துணி அலமாரிக் கதவுகளைக் கழற்றினார்.

கதவின் உட்புறத்தில், வெளுக்கப் போட்ட துணிகளை என் கணவர் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். ஆட்டக் கணக்கைச் சாக்கட்டியால் எழுத வசதியாக மாமனார் அதன்மேல் கறுப்புப் பெயின்ட் பூசினார்.

“அப்பா, அது அவர் எழுதினதாக்கும்.”

“பெயின்டுக்கு அடியில இருக்கும், குட்டி. எங்கயும் போகாது.”

பிஸ்கட் டப்பாத் தகரத்தை வளைத்துப் பல்புக்கு மறைப்பு செய்தார், நான் பிடித்துக்கொண்டேன். சட்டத்தில் ஒரு சின்னப் பொத்தான். கதவைத் திறந்தால் விளக்கு எரியும், மூடினால் கதவு பொத்தானை அழுத்தி அணைத்துவிடும். சரிபார்க்கக் கூடத்துச் சுவரில் மாட்டினார். மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள்தான் நான் அந்த வெளிச்சத்தைப் பார்த்தேன்.

சாயங்காலம் வந்த மாமனார், நனைந்த குடையை மடக்காமலே அதன் எதிரே நின்றார். “அவன் இருக்கான்” என்றார். அன்றிலிருந்து எனக்கும் அவருக்கும் போக இன்னொரு டம்ளர் காப்பி கேட்டு வாங்கிப் பெட்டிக்குக் கீழே வைப்பார். காலையில் டம்ளர் காலியாக இருக்கும். கிளப் பியூன் பெட்டிக்காக மூன்று தடவை வந்தான். “பணி தீர்ந்நிட்டில்லா” என்று, வேலை இன்னும் முடியவில்லை என மலையாளத்தில் சொல்லித் திருப்பி அனுப்பினார்.

காரணத்தை நான் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டேன். ஈரத்தில் மரம் உப்பி, கதவு பொத்தானைத் தொடாமல் ஒரு நெல்மணி தூரத்தில் நின்றிருந்தது. அது தெரிந்த பிறகும் பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார என்னால் முடியவில்லை. உள்ளே யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பது போலிருந்தது. கடைசியில் பயம் தாங்காமல் ஒரு மத்தியானம் உப்புக் காகிதத்தால் கதவு விளிம்பைத் தேய்த்தேன். கதவு படிந்தது. வெளிச்சம் போயிற்று.

மாமனார் வந்து பார்த்தார். அன்று ஒரு டம்ளர் காப்பிதான் வாங்கிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து, என் கணவரோடு வேலை பார்த்த நாஞ்சில் நாட்டுக்காரர் ஒருவர் வந்தார். காட்டு முகாமில் காய்ச்சல். என் கணவர் இறந்துபோய் மூன்று வருஷம் ஆகிவிட்டதாம்.

“நான்தான் அணைச்சேன் அப்பா” என்று கதறினேன்.

மாமனார் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். “பொத்தான்னு எனக்கு முதல் நாளே தெரியும். கரண்டுதானே என் தொழில்? உனக்கு ஆறுதலா இருக்கட்டும்னுதான் அவன் இருக்கான்னேன். நீ நம்பிண்டிருக்கேன்னு நெனச்சு விட்டுட்டேன். நீயாவது காப்பியைக் குடிக்கறயேன்னு ஒரு சமாதானம்.”

“நான் குடிக்கலை. நீங்கதான்னு இருந்தேன்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்ப் பெட்டியைச் சுவரிலிருந்து இறக்கினார். மறுநாள் அது கிளப்புக்குப் போயிற்று. அதைப் பற்றி அவர் சாகும்வரை நாங்கள் பேசவில்லை.

இப்போது தங்கை பேத்தியின் வீட்டில் இருக்கிறேன். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால், “உள்ளே யாராவது இருக்கேளா?” என்று கேட்பேன். அவள் சிரிப்பாள். பதில் வராவிட்டால் நான் அணைப்பதில்லை.