மலைக்கு முதுகு காட்டாத மேடை

காலை ஆறு மணிக்குக் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினேன். கீழ்பென்னாத்தூரில் டீ குடிக்க நிறுத்தினார்கள். அங்கிருந்து திருவண்ணாமலைக்குப் பதினேழு, பதினெட்டு கிலோமீட்டர்தான். மலை நன்றாகக் கண்ணில் பட்டதும் பக்கத்து சீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன்.

பத்தரை மணிக்குப் பஸ் நிலையத்தில் ஆட்டோ பிடித்தேன்.

"கலை மன்றம் போகணும்."

"அப்படி ஒண்ணு இருக்குதா?"

"ரைஸ் மில்லுக்கு எதிர்ல."

"மண்டபம்னு சொல்லுங்க! ஏறுங்க, நூறு ரூபா குடுங்க."

பெயர் போய்விட்டது என்பது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

வாசலில் அமுதா நின்றிருந்தாள். கல்லூரியில் என்னோடு படித்தவள், இங்கே பள்ளி ஆசிரியை. சனிக்கிழமைதோறும் மன்றத்து மேடையில் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்கிறாள். மேடையை இடிக்கப்போவதாகப் பேச்சு அடிபட, இன்று கமிட்டி கூடுகிறது, துணைக்கு வா என்று கூப்பிட்டிருந்தாள்.

இந்த மேடைக்கு ஒரு கதை உண்டு. ஊர் வாத்தியார்களும் கடைக்காரர்களும் லாரிக்காரர்களும் சேர்ந்து கட்டிய மன்றம் இது. முதலில் மேடையை மேற்குக் கோடியில், மலையைப் பின்னால் வைத்துக் கட்டினார்கள். திறப்பு விழாவுக்கு வந்த கூத்துக்காரர்கள், மலைக்கு முதுகைக் காட்டி ஆடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சரியென்று இடித்துக் கிழக்கே கட்டினார்கள். இப்போது பார்க்க வந்தவர்களின் முதுகு மலைக்கு! ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டு நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்களாம். கடைசியில் யாருக்கும் பொல்லாப்பு வேண்டாமென்று தெற்குச் சுவரோரம், ரோட்டைப் பார்த்த மாதிரி கட்டினார்கள்.

அங்கேதான் கெட்டது. கிழக்கு மேற்காக நீண்ட கூடத்துக்குப் பக்கவாட்டில் மேடை. கோடியில் உட்கார்ந்தவனுக்கு ராஜாவின் ஒரு காது மட்டும்தான் தெரியும். பாதிப் பேருக்கு வசனம் கேட்காது, மீதிப் பேருக்குப் பஸ் ஹாரன் கேட்கும். கூட்டம் குறைந்தது. மன்றம் சும்மா கிடக்கக் கூடாதென்று கல்யாணங்களுக்கு விட்டார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

பதினொரு மணிக்குக் கமிட்டிக்காரர்களோடு செயலாளர் தனபால் வந்தார். நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே பேசினார்.

"மேடையே இருக்காதுன்னு யாரு சொன்னா டீச்சர்? இத எடுத்துட்டு மேற்கால பெருசா கட்டறோம். பொண்ணு மாப்பிள்ள கிழக்க பாத்து உக்காரணும் இல்ல?"

"அப்போ மலைக்கு முதுகு காட்டுவாங்களேண்ணா?"

"அது முகூர்த்தம். சாமி கோச்சிக்காது."

"நாடகம்னா மட்டும் கோச்சிக்குமா?"

கமிட்டிக்காரர் ஒருவர் எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

"பசங்க கிளாஸு?" என்றாள் அமுதா.

"முகூர்த்தம் இல்லாத நாள்ல வரட்டும். கீழயே பண்ணிக்கட்டும். மேடைமேல மட்டும் ஏத்தாதீங்க, டைல்ஸ் ஒட்டறோம்."

அவ்வளவுதான் கூட்டம்.

மேற்குக் கோடியில் கொத்தனார் அதற்குள் தரையைக் கொத்த ஆரம்பித்திருந்தார். கடப்பாரை எதிலோ இடித்தது.

"இங்க ஏற்கெனவே ஒரு மேடை இருந்திருக்குதுங்க. கடக்கால் கருங்கல்லு, கெட்டியா இருக்குது. இதுமேலயே கட்டிடலாம்."

அமுதா குனிந்து அந்தக் கல்லைத் தொட்டாள். "அப்பவே இங்கியே வுட்டிருந்தா…" என்றாள். துணைக்கென்று வந்த நான் துணையாக ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. என்ன சொல்வது? பக்தி அதிகமாகி ஓர் ஊர் தன் மேடையைத் தொலைத்ததென்று யாரிடம் போய் முறையிட முடியும்?

மூன்று மணிக்கு அமுதா என்னைப் பஸ் ஏற்றிவிட்டாள். சனிக்கிழமை பிள்ளைகளிடம் என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

பஸ் ஊரைவிட்டுச் செஞ்சி ரோட்டில் வேகம் பிடித்தது. டிரைவர், பூக்கூடைக்காரம்மா, நான், பஸ் முழுக்க மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தோம். யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.